கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கதவில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளை இன்னும் யாரும் உரிக்கவில்லை. அவர் உரிக்க விட்டால்தானே? தாள் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்துகின்றன. ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை. தாள் இருக்கும்வரை பொருள் புதுசு. பொருள் புதுசாக இருக்கும்வரை கம்பெனி நம்மைக் கைவிடாது.

அந்த வீட்டுப் பரணில் ஒரு பூனைகூட நுழைய முடியாது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் வாங்கிய அத்தனை சாமான்களின் அட்டைப்பெட்டிகளும் தெர்மோகோலோடு அங்கே அடுக்கியிருக்கின்றன. பில்லும் வாரண்டி கார்டும் லேமினேட் செய்யப்பட்டு, வாங்கிய தேதி வரிசையில் ஒரு கறுப்பு ஃபைலில் இருக்கும். "எங்க நிக்காஹ் பத்திரம் எங்க கீதுன்னு கேட்டா இந்த மனுசனுக்குத் தெரியாது. மிக்சி வாரண்டி கார்டு கேளுங்க, கண்ண மூடிக்கினு எடுப்பாரு" என்று அவர் மனைவி நஸ்ருன்னிசா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

புதுச் சாமான் என்றால் அவருக்கு உயிர். புது போன் வெளியாகும் விழாவை நேரலையில் பார்க்க அரை நாள் ஷட்டரை இறக்குகிற ஒரே கடைக்காரர் அந்த ரோட்டில் அவர்தான். வீட்டில் விளக்கு சொன்னால் எரியும். மின்விசிறி கை தட்டினால் ஓடும். நஸ்ருன்னிசா ரொட்டி தட்டினாலும் ஓடும். சொந்தக்காரர்கள் யார் எது வாங்கினாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். வாங்கியது ஓடவில்லை என்றால் அவரிடம்தான் சண்டைக்கும் வருவார்கள்.

கடையில் மட்டும் அவர் வேறு ஆள். ரோட்டில் போகிற யாராவது கண்ணாடியின் காது கழன்றுவிட்டது என்று உள்ளே வந்தால், சட்டைப் பையிலிருந்து தீக்குச்சி கனத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். இரண்டு திருகு, ஒரு துடைப்பு, அவ்வளவுதான். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டார். காசும் வாங்க மாட்டார். ஸ்க்ரூ முடுக்குவதற்குக் கண்ணாடிக் கடைக்காரர் எவரும் காசு வாங்குவதில்லை. அது அந்தத் தொழிலின் வழக்கம்.

போன மாதம் அந்த வீட்டுக்கு ஸோல்வாரோ வால்ட் வந்தது. டிபன் கேரியர் அடுக்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டில் இருக்கும் போன், லேப்டாப் எல்லாவற்றிலும் உள்ள படங்களையும் பத்திரங்களையும் வாங்கித் தன்னுள்ளே பத்திரமாக வைத்துக்கொள்ளும். மகள் சிம்ரா அப்போது கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். வேளச்சேரியில் எப்பேர்ப்பட்ட மழைக்கும் தண்ணீர் புகாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ஆறு மாதமாக வரைந்துகொண்டிருந்தாள். வரைந்ததை லேப்டாப்பில் ஒரு பிரதியும் இணையத்தில் ஒரு பிரதியுமாக வைத்திருந்தாள்.

"ஊரான் கம்ப்யூட்டர்ல உன் உழைப்ப ஏன்மா வைக்கிற? நம்ம வீட்லயே வால்ட் இருக்குல்ல?" என்றார் பீர் முஹம்மது. எல்லாவற்றையும் வால்ட்டுக்கு மாற்றினார். பழைய பிரதிகள் இடத்தை அடைப்பதாகச் சொல்லித் தன் கையாலேயே அழித்தார். வேலை முடிந்த திருப்தியில் ஒரு தடவை கை தட்டினார். மின்விசிறி ஓடியது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வால்ட்டின் பச்சை விளக்கு அணைந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரியில் சிம்ராவுக்கு இறுதி மதிப்பீடு. வரைபடம் இல்லையென்றால் ஒரு வருஷம் போயிற்று.

"அத்தா, திறந்து பாருங்களேன். தெனம் நூறு ஸ்க்ரூ கழட்டறீங்க" என்றாள் சிம்ரா.

"அது கண்ணாடிம்மா. கண்ணாடிக்கு ஸ்டிக்கர் கெடையாது."

பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளி ஸ்டிக்கர். இதை அகற்றினால் வாரண்டி ரத்து என்று எழுதியிருந்தது. "ரெண்டு வருஷ வாரண்டி இருக்கு. நான் அவங்களுக்கு பிளாட்டினம் மெம்பர். கம்பெனி பாத்துக்கும்" என்றார். சிம்ரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழித்தது தன் கை என்ற நினைப்பு அவருக்கு அன்று ராத்திரிச் சோற்றை இறங்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு, வால்ட்டை மடியில் கட்டாத குறையாக ஸ்கூட்டரில் வைத்து, தியாகராய நகரில் ஸோல்வாரோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் நின்ற காவலாளியிடம் "சர்வீஸ் சென்டர் இதானே?" என்று கேட்டார்.

காவலாளி பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்டி சொல்லாதீங்க பாய். இது கேர் லவுஞ்ச். சர்வீஸ்னு சொன்னா எனக்கு மார்க் கொறைப்பாங்க."

உள்ளே டோக்கன் இயந்திரம் ஒன்று இருந்தது. 'இன்றைய உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்டது. அனுபவம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று யோசித்து, நடுநிலையாக மூன்றைத் தொட்டார். 'ஐந்து தர உங்களைத் தடுப்பது எது?' என்று கேட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்கைத் தொட்டார். அதையே கேட்டது. ஐந்தைத் தொட்டதும் நன்றி சொல்லி டோக்கனைத் துப்பியது.

பத்து மணிக்கு மணி அடித்தது. ஊழியர்கள் எல்லோரும் நெஞ்சில் கை வைத்து எழுந்து நின்றார்கள். காத்திருந்தவர்களையும் நிற்கச் சொன்னார்கள். "வாடிக்கையாளரே எங்கள் குடும்பம். குடும்பத்தில் யாரும் குறை சொல்வதில்லை. குறை சொல்பவர் குடும்பத்தில் இல்லை" என்று ஒரே குரலில் சொல்லி முடித்து உட்கார்ந்தார்கள். பீர் முஹம்மது, ஒரு பிளாட்டினம் மெம்பருக்கு உரிய முறையில், கடைசி வரியைக் கூடவே சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கம் என்பவள் மட்டும் நிற்கவில்லை. பாண்டி பஜாரில் பூ விற்கிறவள். மடியில் பாதி கட்டிய மல்லிச் சரம். "இந்த பாட்டு தெனம் கேட்டு கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி நைனா" என்றாள்.

"தெனம் வர்றீங்களா?"

"பத்தொம்போது நாளா வந்துகினு கீறேன். சார்ஜ் ஏறலன்னு போன குட்த்தேன். போன் உள்ள கீது, நான் வெளிய கீறேன். அவ்ளோதான் இதுவரைக்கும் நட்ந்தது."

"ஏனாம்?"

"பூவுல தண்ணி தெளிப்பியான்னு கேட்டாங்க. தெளிக்காம இன்னா, பிளாஸ்டிக் பூவா விக்கிறேன்? ஆமான்னேன். அதோட வெசாரணை போய்க்கினே கீது."

டோக்கன் எண் வந்ததும் பீர் முஹம்மது எட்டாவது கவுன்டருக்குப் போனார். ஷண்முகப்ரியா என்று மார்பில் பெயர் குத்தியிருந்த பெண் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை வாங்கினாள். பின்னால் இருந்த சின்ன ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்தவள் முகம் வாடிவிட்டது.

"சார், புள்ளி சிவப்பா இருக்கு."

"என்ன புள்ளிம்மா?"

"உள்ள ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிருப்போம். ஈரம் பட்டா சிவப்பாயிடும். நீங்க ஈரம் காட்டியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் காட்டலம்மா. அலமாரில இருந்துச்சு. மேல துணி போட்டு மூடிவெச்சிருந்தேன்."

அவள் முகவரியைத் தட்டினாள். "மயிலாப்பூர், கச்சேரி ரோடு... கடல்லேர்ந்து எவ்ளோ தூரம் சார்?"

"ரோட்டோட அந்தக் கோடி போனா சாந்தோம் பீச். ஒரு கிலோமீட்டர் இருக்கும்."

"அதான். கம்பெனி சிபாரிசு எழுநூறு கிலோமீட்டர். இந்த பிராடக்டை டிசைன் பண்ணது நாக்பூர் கிளைமேட்டுக்கு."

"அப்ப மெட்ராஸ்ல ஏன்மா விக்கிறீங்க?"

"சேல்ஸ் வேற டிபார்ட்மென்ட் சார்" என்றாள் அவள், உண்மையான பரிவோடு. பிறகு ஒரு தாளை நீட்டினாள். வறட்சி உறுதிமொழிப் பத்திரம். மேற்படி வீட்டில் ஈரம் கிடையாது, கடல் காற்று இந்த வீட்டுப் பக்கம் வருவது வழக்கமில்லை என்று உறவுமுறை இல்லாத அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் வேலை முடிய வேண்டும் என்று பீர் முஹம்மது கெஞ்சாத குறையாகச் சொன்னார். "நாளைக்கே வாங்க சார், முன்னுரிமை தரேன். நீங்க பிளாட்டினம் ஆச்சே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர் மனம் குளிர்ந்துவிட்டது. மகளிடம் போய் "வேலை நடந்துக்கினு இருக்கு" என்றார்.

மாடிவீட்டு சிதம்பரநாதன் பாத்திரக்கடைக்காரர். நேர்மையானவர். "கடல் காத்து வரலைன்னு எழுதச் சொல்றீங்களே பாய், அதுக்காகத்தானே ரெண்டாயிரம் கூட வாடகை குடுத்து இங்க இருக்கேன்?" என்று தயங்கினார். சிம்ராவின் விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும்போது அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை பத்திரத்தின் மேல் விழுந்தது. 'ஈரம் கிடையாது' என்ற இடத்தில் மை பரவியது.

புதன்கிழமை ஷண்முகப்ரியா பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சார், ஈரம் இல்லைங்கிற பத்திரமே ஈரமா இருக்கே?"

"அது வேர்வைம்மா. சித்திரை மாசம். மனுசனுக்கு வேர்க்காதா?"

"அப்ப ஈரம் இருந்ததை ஒத்துக்கறீங்க" என்று அவள் எழுதிக்கொண்டாள். "வீட்டுச் சூழல் விசாரணை ஒண்ணு பாக்கி இருக்கு. வீட்ல யாராவது இருக்காங்களா?"

இருந்தது நஸ்ருன்னிசா. போனை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கூடம் முழுக்கக் கேட்டது.

"மேடம், உங்க உரையாடல் பதிவு செய்யப்படுது. வீட்டில் ஒரு நாளைக்குக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும்?"

"யாருமா நீ? எதுக்கு என் வீட்டு விசில எண்ணுற?"

"ஆவி, மேடம். ஈரப்பதம். பருப்புக்கு எத்தனை, சாதத்துக்கு எத்தனை, பிரியாணிக்கு எத்தனைன்னு தனித்தனியா சொன்னா..."

பீர் முஹம்மது கண்ணை மூடிக்கொண்டார்.

"குக்கர்ல பிரியாணி வைக்கிற வூடுன்னு நெனச்சியா என் வூட்ட? எங்க மனுசன் அங்க கீறாரா? குடு போன அவருகிட்ட! ஏங்க, அந்தப் பொட்டிய அங்கயே போட்டுட்டு வாங்க. மானம் போவுது!"

தங்கம் சிரித்த சிரிப்பில் மல்லிச் சரம் அறுந்தது. ஷண்முகப்ரியா நிதானமாக 'விடை மறுக்கப்பட்டது' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். இனி இது தன் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்றும் நாளை நண்பகல் வாடிக்கையாளர் மகிழ்ச்சித் தலைவரே நேரில் சந்திப்பார் என்றும் சொன்னாள். அப்படி ஒரு சந்திப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லையாம்.

வியாழக்கிழமை சிம்ராவும் கூட வந்தாள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். மூன்று நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பேசாத மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டியபோது பீர் முஹம்மதுவுக்கு ஆழ்வார்ப்பேட்டை சிக்னல் அத்தனை நீளமாக இருந்தது.

மகிழ்ச்சித் தலைவர் பாலகணேஷுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடிச் சுவர் போட்ட அறை, மேசைமேல் ஒரு ஃபைல், அதன் பக்கத்தில் வால்ட், அவர் மூக்கில் தடித்த பிரேம் கண்ணாடி. அது நிமிஷத்துக்கு ஒருமுறை சரிந்தது. அவர் நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிவிட்டுக்கொண்டார். இடது காது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்பதை பீர் முஹம்மது உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டார். தொழில் புத்தி.

"உக்காருங்க சார். முதல்ல ஒண்ணு தெளிவுபடுத்திடறேன்" என்றார் பாலகணேஷ். "மத்த கம்பெனி பொருளை ரிப்பேர் பண்றான். நாங்க உறவை ரிப்பேர் பண்றோம். ரிப்பேர்ங்கிறதே நெகட்டிவ் வார்த்தை. அதனாலதான் ரெண்டு வருஷம் முன்னாடியே டெக்னீஷியன்ங்கிற போஸ்ட்டையே எடுத்துட்டோம். அதுக்கப்புறம் எங்க மகிழ்ச்சிக் குறியீடு எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா?"

"அப்ப பெட்டிய யாரு தம்பி பாப்பாங்க?"

"பாக்கறது நெறைய பேர் சார். பதினாலு கவுன்டர், முப்பத்திரண்டு ஸ்டாஃப். எல்லாரும் பாப்போம். திறக்கறதுதான் இல்லை. இந்த லவுஞ்ச்ல ஸ்க்ரூ டிரைவரே கிடையாது. அவ்வளவு சுத்தம்."

பாலகணேஷ் ஃபைலைப் புரட்டினார். "இருந்தாலும் நீங்க பிளாட்டினம். கடல், வேர்வை, விசில் எல்லாத்தையும் மன்னிச்சு, நல்லெண்ண அடிப்படையில வாரண்டியை ஏத்துக்கறேன். இருபத்தொரு நாள்ல புதுப் பெட்டி வீட்டுக்கு வரும். பழைய பெட்டியை மெஷின்ல போட்டு நொறுக்கிடுவோம்."

"நொறுக்கிடுவீங்களா? உள்ள என் டிராயிங்ஸ் இருக்கு சார்" என்றாள் சிம்ரா. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "நாளைக்குக் காலைல எனக்கு வேணும்."

"உங்க தனியுரிமையைப் பாதுகாக்கத்தான்மா நொறுக்கறோம். டேட்டாங்கிறது கஸ்டமரோட எமோஷனல் மேட்டர். நாங்க ஹார்ட்வேர் குடும்பம். இதோ இந்த ஒப்புதல்ல அத்தா கையெழுத்துப் போட்டா..." என்று குனிந்து படிக்கப்போனார். கண்ணாடியின் இடது காது கழன்று ஃபைலின் மேல் விழுந்தது. ஸ்க்ரூ மேசைமேல் உருண்டது.

அதற்கு அடுத்து நடந்ததை பீர் முஹம்மது யோசித்துச் செய்யவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கண்ணாடியை எடுத்தார். உருண்ட ஸ்க்ரூவை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வந்தது. இரண்டு திருகு, சட்டை நுனியில் ஒரு துடைப்பு. "மாட்டிக்குங்க தம்பி" என்று நீட்டினார்.

பாலகணேஷ் மாட்டிக்கொண்டார். உலகம் தெளிவானது. தெளிவான உலகில் முதலில் அவர் கண்ணில் பட்டது பீர் முஹம்மதுவின் கையில் இருந்த பொருள்.

"என்ன சார் அது?"

"ஸ்க்ரூ டிரைவர்."

பாலகணேஷ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மணியடித்து ஷண்முகப்ரியாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். "வாடிக்கையாளர் கருவி வைத்திருந்தார். அதைப் பயன்படுத்தும் திறனும் அவருக்கு இருக்கிறது. அந்தத் திறமையை என் முன்னிலையிலேயே நிரூபித்தார். ஆகவே பெட்டியை ஏற்கெனவே திறந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு."

"தம்பி, நான் முடுக்குனது உங்க கண்ணாடிய!"

"அதனாலதான் சார் இதை என்னால பிழையில்லாம டைப் பண்ண முடியுது. தேங்க்ஸ்." கடைசி எழுத்தையும் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "சாரி சார். நல்லெண்ணமும் போச்சு. வாரண்டியை ரத்து பண்ணிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா. சிஸ்டத்துல ஏறிடுச்சு. மேல இருக்கறவங்களே நெனச்சாலும் திரும்ப வராது."

பீர் முஹம்மது கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். பரணில் இருந்த பெட்டிகள், கறுப்பு ஃபைல், ஒன்பது வருஷத்துப் பிளாஸ்டிக் தாள் எல்லாம் ஞாபகத்தில் வந்து போயின. இடி விழுந்த மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு என்னவோ செருப்பில் குத்திக்கொண்டிருந்த கல்லை உதறிப் போட்ட மாதிரி லேசாக இருந்தது. காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை.

வால்ட்டை மேசைமேல் கவிழ்த்தார். நகத்தை ஸ்டிக்கரின் ஓரத்தில் கொடுத்தார்.

"சார்! சார், என்ன பண்றீங்க?" என்று பாலகணேஷ் அலறினார். "அதை எடுத்தா வாரண்டி..."

"போயிடுச்சுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

ஸ்டிக்கர் சத்தமில்லாமல் உரிந்து வந்தது. சைரன் எதுவும் அலறவில்லை. அதை இடது கை ஆள்காட்டி விரலில் ஒட்டிவைத்துக்கொண்டார். கீழே ஒரு ஸ்க்ரூ இருந்தது. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிசு. நான்கு திருகில் வந்துவிட்டது. மூடியைத் தூக்கினார். உள்ளே மின்சாரம் வருகிற சின்ன ஒயர் தன் இடத்திலிருந்து பாதி நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக் என்றது.

அறை மூலையில் இருந்த காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்ட்டின் பிளக்கைச் சொருகினாள் சிம்ரா. பச்சை விளக்கு வந்தது. லேப்டாப்பை இணைத்தாள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரைபடங்கள் விரிந்தன. வேளச்சேரிக் குடியிருப்பு, ஆறு மாடி, தூண்கள், தண்ணீர் வந்தால் வழிந்து போகும் வாய்க்கால் வரை ஒரு கோடு குறையாமல் இருந்தது. "அத்தா" என்று மட்டும் சொல்லி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்குக் கண் கலங்கியது. அதையும் ஷண்முகப்ரியா ஈரம் என்று எழுதிக்கொள்வாளோ என்று சட்டெனத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே கூடம் முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. உறுதிமொழிக்குக்கூட அவர்கள் அப்படி எழுந்து நின்றதில்லை. தங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாமா பாத்துகினு கீற? என் போன எட்த்தாந்து பாய் கையில குடு."

ஷண்முகப்ரியா தலைவரைப் பார்த்தாள். தலைவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் மெல்ல நழுவிப் போய் போனை எடுத்து வந்தாள். பீர் முஹம்மது சார்ஜ் போடும் துளையை வெளிச்சத்தில் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பினார். அரை அங்குலம் வாழைநார் வெளியே வந்தது. பூக் கட்டும் நார். சார்ஜரைச் சொருகியதும் சார்ஜ் ஏறியது.

"இருவத்தோரு நாளு!" என்றாள் தங்கம். "ஒரு நாருக்கு! நார குத்தம் சொல்லாம, பூவையும் தண்ணியையும் வெசாரிச்சிகினு இருந்தாங்க நைனா இவங்க!" கையில் இருந்த மல்லிச் சரத்தை அப்படியே சிம்ராவின் கையில் திணித்தாள்.

"இதெல்லாம்... இதெல்லாம் விதிமீறல்" என்றார் பாலகணேஷ். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "எங்க லவுஞ்ச்ல இதுவரைக்கும் எந்தப் பொருளும் சரியானதில்லை சார். இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

பீர் முஹம்மதுவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. குனிந்து, அவர் கண்ணாடியின் இடது கீலை ஒருதரம் சரிபார்த்தார். விரலில் இருந்த வெள்ளி ஸ்டிக்கரை ஸ்க்ரூவுக்கு நேராக வைத்து அழுத்தி ஒட்டினார்.

"நல்லா முடுக்கியிருக்கேன் தம்பி. இனிமே கழலாது. கழண்டாலும் நீங்களா கை வெச்சிடாதீங்க, வாரண்டி போயிடும்" என்று சொல்லிவிட்டு மகளோடு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். மஞ்சள் தாளின் சுருண்ட ஓரத்தைப் பிடித்தார். "நான், நான்!" என்று ஓடிவந்து நஸ்ருன்னிசாதான் உரித்தாள். ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை. ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் ஃபிரிட்ஜ் சிவப்பு நிறம் என்று தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சிம்ரா வரைபடங்களை விரித்தாள், தேறினாள். பத்தரைக்கு பீர் முஹம்மதுவின் போனுக்கு ஸோல்வாரோவிலிருந்து செய்தி வந்தது. 'உங்கள் பொருள் எங்கள் லவுஞ்சில் வெற்றிகரமாகக் குணமடைந்தது. நீங்கள் செவ்வாயன்று முன்கூட்டியே அளித்த ஐந்து நட்சத்திரங்களுக்கு நன்றி.'

அடுத்த வியாழன் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. வாசலில் ஓர் ஆள் தயங்கித் தயங்கி நின்றார். பாலகணேஷ். கண்ணாடியை மாட்டியிருக்கவில்லை. காதுகள் இரண்டும் விரிந்தபடி, மடிக்காமல், ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இடது கீலின் மேல் அந்த வெள்ளி ஸ்டிக்கர் அழுக்கேறி அப்படியே ஒட்டியிருந்தது.

"ஒரு வாரமா மடிக்க முடியல சார், மடிச்சா ஸ்டிக்கர் கிழிஞ்சிடும்" என்றார். "பாக்கெட்ல வைக்க முடியல, கூட்ல வைக்க முடியல. தூங்கும்போது பக்கத்துல நாற்காலி போட்டு அது மேல வெச்சுக்கறேன். என் ஒய்ஃபு பிடுங்கி எறியப் பாத்தா. நான்தான் விடல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை... எடுக்கலாங்களா சார்?"

பீர் முஹம்மது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பில் கேட்கவில்லை. கடலுக்கு எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எடுங்க தம்பி, பயப்படாதீங்க. அதுக்குக் கீழ ஒரு ஸ்க்ரூதான் இருக்கு."